எந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு?

(சித்தியவானில் தோட்டத் தொழிலாளரும் கிராணிமாரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"அர்த்தமுள்ள பேச்சு", "அர்த்தமில்லாத பேச்சு" என்று அன்றாடம் சொல்கிறோம். ஒரு சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது என்றால் என்ன? இது பண்டிதர்களின் கேள்வி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பால் நிறுக்கும் இடத்தில் நம் கூலியைத் தீர்மானிக்கிற கேள்வியே இதுதான்.

ஒருவர் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்றைக்குப் பால் தண்ணீராக இருக்கிறது" என்கிறார். எவ்வளவு தண்ணீர்? அதைச் சொல்லவில்லை. ஆகவே அவர் சொன்னது சரியென்றும் காட்ட முடியாது, தவறென்றும் காட்ட முடியாது.

இன்னொருவர், "உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு 30" என்கிறார். இது வேறு பேச்சு. மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டுப் பார்க்கலாம். அதிலும் சந்தேகமென்றால், கொஞ்சம் பாலை உறைய வைத்து, காய வைத்து நிறுக்கலாம். 20 கிலோ பாலில் நூற்றுக்கு 30 என்றால் 6 கிலோ. 35 என்றால் 7 கிலோ. உலர்ந்த எடைக்குக் கூலி என்றால், அந்த ஒரு கிலோ யாருடையது? "தண்ணீர்ப் பால்" என்ற சொல்லோடு வழக்காட முடியாது. 30 என்ற எண்ணோடு வழக்காடலாம்.

தவறென்று காட்ட வழியுள்ள சொல்லுக்குத்தான் பொருள் உண்டு, தோழர்களே!

"நியாயமான சம்பளம்" என்று யார்தான் சொல்லவில்லை? அதைக் கொடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்ட முதலாளி உண்டா? 2012ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பள ஆணை, தீபகற்பத்துக்கு மாதம் 900 ரிங்கிட் என்று எண்ணைப் போட்டது. 2013 ஜனவரியில் அது நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அந்தத் தொகை போதுமா என்பது வேறு வாதம். ஆனால் 899 கொடுத்தால் குற்றம் என்று சொல்ல அன்றுதான் வழி பிறந்தது.

எல்லாவற்றையும் எண்ணில் அடக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. நம் ஊர்ப் பெயரையே பாருங்கள். மலாயில் 'செத்தியா' என்றால் விசுவாசம். வடமொழிச் 'சத்தியம்'தான் அப்படி ஆயிற்று. 'காவான்' என்றால் நண்பன். இரண்டும் சேர்ந்து சித்தியவான் ஆனது என்பார்கள். சேற்றில் சிக்கிய யானையை விட்டுப் போகாமல் துணை யானை நின்றதாக ஒரு கதையும் வழங்குகிறது. அங்கே எண் எதுவும் இல்லை. ஆனால் சோதனை இருந்தது. விட்டுப் போக வழியிருந்தும் நின்றதே, அதனால்தான் நண்பன் என்ற சொல்லுக்குப் பொருள் வந்தது.

இந்த உரைகல்லை முதலாளியிடம் மட்டும் நீட்டினால் போதாது. "ஒற்றுமை", "ஒற்றுமை" என்று மேடையில் முழங்குகிறோம். பக்கத்து நிரைக்காரருக்குக் கூலி பிடித்தம் ஆகும்போது, "எனக்கென்ன" என்று நாம் இருந்துவிட்டால், அந்த முழக்கமும் "தண்ணீர்ப் பால்" கதைதான்.

கிராணிமார் தோழர்களே! எண்ணை எழுதினால் போதாது. அது எப்படி வந்தது என்று கேட்பவருக்கு விளக்குங்கள். வெட்டுத் தொழிலாளர்களே! சம்பளச் சீட்டைப் பெட்டியில் போடுமுன் வரிவரியாகப் படியுங்கள்; படிக்கத் தெரியாதவர் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். விளங்காத தாளில் கையெழுத்தும் வேண்டாம், கைநாட்டும் வேண்டாம்.

"இதற்கு என்ன பொருள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. அது உழைப்பவரின் உரிமை.