கதிர்காமத்துக்குக் கால்நடையாக

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, தென்கிழக்கே மாணிக்க கங்கைக் கரையில் முடிவது கதிர்காமப் பாதயாத்திரை. முழுவழியும் நடப்பவர்களுக்கு ஒரு மாதத்துக்கும் மேலாகிறது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைச் சேர்ந்தவர்களோ தத்தம் ஊரிலிருந்தே வேலைத் தொழுது புறப்பட்டு, வழியில் வரும் குழுக்களோடு சேர்ந்துகொள்கிறார்கள்.

முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், வாகரை வழியாக வரும் அடியார்கள் மட்டக்களப்பில் மாமாங்கேஸ்வரரைத் தரிசிக்கிறார்கள். அதற்கப்பால் பாதை தெற்கே திரும்புகிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரையில் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் மாறிமாறி வருகின்றன. வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாக விரிவது படுவான்கரை. குருமண்வெளித் துறையில் வாவியைக் கடந்தால் தில்லை மண்டூர் முருகன் கோயில். கதிர்காமத்தைப் போலவே இங்கும் கப்புகனார் வாயை வெண்துணியால் கட்டிக்கொண்டு மந்திரமின்றிப் பூசை செய்கிறார். மூலத்தானத்தைத் திரை மறைக்கிறது. சின்னக் கதிர்காமம் என்று மக்கள் இதனைப் போற்றுவது மிகப் பொருத்தமே. உருவத்தைக் காணாமலும் ஓதுவதைக் கேளாமலும் கும்பிடும் பழக்கம் கிழக்கிலங்கையின் அரிய செல்வம்.

யாத்திரிகர் அனைவரும் ஒருவரையொருவர் 'சாமி' என்றே அழைக்கிறார்கள். ஊரில் ஆசிரியரோ கூலியாளோ, வழியில் எல்லாரும் சாமிதான். குழுவின் முன்னே வேல் செல்கிறது. இரவில் கோயில் மண்டபமோ மரநிழலோ தங்குமிடமாகிறது. ஊரவர் இடும் அன்னதானமே உணவு. கையேந்தி உண்பது பலருக்கு முதல் நாளில் கூச்சம் தருகிறது. பணமும் பதவியும் பயன்படாத அந்த இடத்தில்தான் யாத்திரையின் உட்பொருள் தொடங்குகிறது. சோறு போடுபவர்களும் இதை ஈகையாக எண்ணுவதில்லை. வேலோடு வருபவருக்கு உணவிடுவது முருகனுக்கு இடும் படையல் என்றே கருதுகிறார்கள்.

ஐரோப்பாவில் இதற்கு இணையானது, ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ தே கொம்போஸ்தேலாவில் உள்ள புனித யாக்கோபுவின் கல்லறையை நோக்கிய நடைப்பயணம். பிரான்சின் எல்லையிலிருந்து தொடங்கும் புகழ்பெற்ற வழி ஏறக்குறைய 780 கிலோமீற்றர். நடப்போர் குறைந்துபோயிருந்த அப்பாதையை 1987இல் ஐரோப்பிய மன்றம் பண்பாட்டு வழியாக அறிவித்தது. அதற்கு அடுத்த ஆண்டே, போரினால் தடைப்பட்டிருந்த கதிர்காமப் பாதயாத்திரையும் மீண்டும் தொடங்கியது. 1972இல் இவ்வழியே நடந்திருந்த அமெரிக்கரான பற்றிக் ஹரிகனுக்கு அந்த மீட்சியில் பெரும்பங்கு உண்டு. அங்கே அரசுகள் துணைநின்றன. இங்கே சோதனைச் சாவடிகளுக்கும் அச்சத்துக்கும் நடுவே அடியார்கள் நடந்தார்கள். அந்தத் துணிவு தனியே எழுதப்படவேண்டிய வரலாறு.

திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலுக்குப் பின் பொத்துவில், பாணமை, உகந்தைமலை. உகந்தையோடு ஊர்கள் முடிகின்றன. விழாக்காலத்தில் மட்டும் அதிகாரிகள் காட்டுப்பாதையைத் திறந்துவிடுகிறார்கள். குமண, யால வனங்களினூடே, கும்புக்கன் ஓயாவைக் கடந்து, பல நாள் நடை. யானையும் கரடியும் உலவும் காடு, குடிநீர் அரிது. அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாம் தலைச்சுமை. இருப்பதைப் பகிராமல் இந்தக் காட்டைக் கடக்க முடியாது. "அரோகரா" என்ற குரல் பின்தங்கியவருக்கு வழிகாட்டியாகவும் விலங்குகளுக்கு எச்சரிக்கையாகவும் பயன்படுகிறது.

கதிர்காமத்தில் தமிழரும் சிங்களவரும் வேடுவரும் வழிபடுகிறார்கள். அருகிலேயே பள்ளிவாசலும் கிரி விகாரையும் உள்ளன. விழா இரவுகளில் யானைமீது, மூடிய பேழை வள்ளியம்மன் கோயிலுக்குச் செல்கிறது. மாணிக்க கங்கையில் தீர்த்தமாடுவதோடு விழா நிறைவுபெறுகிறது. அதுவரை தங்க முடியாதவர்கள் நேர்த்தியை முடித்து, மொனராகலை வழியாகப் பஸ்ஸில் ஊர் திரும்புகிறார்கள்.