ஆழ்கடல் மணலுக்குப் பெயர் வைத்தல்



கோதாவரியும் கிருஷ்ணாவும் தெலங்கானா வழியே சுமந்துபோகும் மணல் கடற்கரையோடு நின்றுவிடுவதில்லை. ஒரு பங்கு கண்டத்திட்டின் விளிம்பில் குவிந்து, புயலோ நிலநடுக்கமோ உலுக்கும்போது சரிந்து, கடலடிப் பள்ளத்தாக்குகள் வழியே ஆழத்துக்குப் போய்ப் படிகிறது. தன் எடையாலேயே சரிவில் ஓடும் அந்தக் கலவை விட்டுச்சென்ற மணற்கல்லை எந்தப் பெயரால் அழைப்பது என்பதே இன்றைய பேச்சு. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் அந்தப் பெயரை நம்பித்தான் கிணறு தோண்டுகிறார்கள்.

இத்தகைய ஓட்டத்துக்கு ஒரு சான்று உண்டு. 1929 நவம்பர் 18 அன்று நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடலடியில் நிலம் நடுங்கியது. அருகிலிருந்த கடலடித் தந்திக் கம்பிகள் உடனே அறுந்தன. தொலைவில் இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன; கடைசிக் கம்பி 13 மணி நேரத்துக்கும் மேல் கழித்து அறுந்தது. சரிவில் பாய்ந்த கலங்கல் ஓட்டமே காரணம் என்று 1952இல் ஆய்வாளர்கள் ஹீசனும் யூயிங்கும் விளக்கினார்கள். அடியில் பருமணல், மேலே போகப்போக நுண்மணல் என்று தரம்பிரிந்து கிடக்கும் படிவு இத்தகைய ஓட்டத்தால் உண்டாவது என்று 1950இலேயே கூனனும் மிக்லியோரினியும் காட்டியிருந்தார்கள். 1962இல் பௌமா அந்தப் படிவை ஐந்து பகுதிகளாக வரிசைப்படுத்தினார். பிறகு ஆழ்கடல் மணல் எதைக் கண்டாலும் 'டர்பிடைட்', அதாவது கலங்கல் ஓட்டப் படிவு, என்று எழுதும் வழக்கம் வேரூன்றிவிட்டது.

துளையிட்டு எடுத்த ஒரு பாறை உருளையை, அதாவது கோரை, நீளவாக்கில் அறுத்து மேசையில் வைத்துப் பாருங்கள். மணல் அடியிலிருந்து மேலே ஒரே பருமனாக இருக்கிறது. நடுவே விரல் நீளக் களிக்கல் துண்டுகள், எதன்மேலும் சாயாமல், மணலுக்குள் மிதப்பதுபோல் நிற்கின்றன. மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் சட்டென்று முடிகிறது. நீரின் கொந்தளிப்பு தாங்கிவந்த மணல் என்றால் பரு முதலில், நுண் பிறகு என்று மெல்ல இறங்கியிருக்கும். இது அப்படி இறங்கியதல்ல. திரளாக வழுக்கிவந்து, இருந்த இருப்பில் உறைந்துபோனது. இதைத்தான் மணல் டெப்ரைட் என்கிறோம்.

இந்த வேறுபாட்டை விடாப்பிடியாக வலியுறுத்தியவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஜி. சண்முகம். அடர்கலங்கல் ஓட்டம் என்று பலரும் சொல்வது உண்மையில் மணற்சரிவோட்டம்தானா என்று 1996இல் கேட்டார். 2009இல் அவரும் இந்திய ஆய்வாளர்களும் நம் படுகையின் பிளியோசீன் மணலை ஆராய்ந்து, அது கடலடிப் பள்ளத்தாக்கில் தங்கிய டெப்ரைட்டும் ஓதம் திருத்திப் படியவைத்த மணலும் என்று எழுதினார்கள். அவரை மறுப்போர் பலர். ஒரே ஓட்டம் போகும் வழியிலேயே தன்மை மாறலாம் என்றும், ஒரே படிவில் இரு குணமும் தென்படலாம் என்றும் பின்வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை நானும் ஏற்கிறேன். ஆனால் கோரைப் பார்க்குமுன் பெயரை முடிவுசெய்யக் கூடாது என்ற அவருடைய வாதம் அசையாமல் நிற்கிறது.

ஏனென்றால் பெயரோடு வடிவமும் வந்துவிடுகிறது. டர்பிடைட் என்றதும் விசிறிபோல் அகன்று தொடரும் மணல்விரிப்பை வரைபடத்தில் தீட்டிவிடுகிறோம். பள்ளத்தாக்கை நிரப்பிய சரிவுமணலோ துண்டுதுண்டாக, திடீரென்று முடிந்துவிடக் கூடியது. இந்தப் படுகையின் கேஜி-டி6 எரிவாயு வயலில் 2009 ஏப்ரலில் எரிவாயு வரத் தொடங்கி, 2010இல் உச்சம் தொட்டு, பிறகு வேகமாகச் சரிந்தது. காரணம் பற்றிப் பெரிய வழக்காடலே நடந்தது. அதற்குள் நான் போகவில்லை. மணல் எங்கே தொடர்கிறது, எங்கே அறுகிறது என்ற கேள்வி அங்கே எத்தனை கோடி பெறும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

அதே கேள்வி இன்னொரு தேடலிலும் எழுகிறது. ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாக நில அதிர்வலைப் பதிவுகளில் வாயு ஹைட்ரேட்டை, அதாவது நீரோடு சேர்ந்து உறைந்த வாயுவை, தேடிவருகிறது. 2006இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் கப்பல் இந்தப் படுகையில் துளையிட்டபோது களிமண் வெடிப்புகளில் ஹைட்ரேட் தடிமனாகக் கிடைத்தது. 2015இல் சிக்யூ கப்பல் வந்தபோது மணலிலேயே கிடைத்தது. களியைவிட மணலிலிருந்து வாயுவை எடுப்பது எளிது, அந்த மணல் தொடர்ந்து கிடந்தால். எனவே கோர் பதிவுத்தாளை நிரப்பும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மணலின் பருமன், களித்துண்டுகள் கிடக்கும் விதம், மேல்விளிம்பு ஆகியவற்றை முதலில் எழுதுங்கள், டர்பிடைட், டெப்ரைட் என்ற கட்டத்தைக் கடைசியில் நிரப்புங்கள்.