அடியாத மாடும் படியும்

(வானொலி உரை)



"அடியாத மாடு படியாது" என்று ஒரு பழமொழி நம்மிடையே உண்டு. காலம் காலமாகச் சொல்லி வருகிறோம். காளைக்கன்றை ஏருக்கு வசக்கும்போது கையிலே கம்பு எடுப்பதற்கு இந்தப் பழமொழியே போதும் என்று நினைக்கிறோம். ஆனால் நல்ல ஏர்க்காரரைப் பாருங்கள். அவர் கையில் இருக்கும் குச்சி மாட்டின் மேல் விழுவதே இல்லை. ஒரு சத்தம் கொடுப்பார், மாடு திரும்பும். ஒரு சொல் சொல்வார், மாடு நிற்கும். அந்த மாடு அடிக்குப் படிந்த மாடு அல்ல, ஆளை நம்பிப் படிந்த மாடு. அந்த நம்பிக்கையை ஒரு இளங்காளையிடம் எப்படி உண்டாக்குவது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

"டிராக்டரும் பவர் டில்லரும் வந்த பிறகு மாடு வசக்குவதைப் பற்றி என்னங்க பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயம்தான். உழவு மாடுகள் குறைந்துபோனது உண்மை. ஆனால் திருவாரூர்ப் பக்கத்தில் டிராக்டர் இறங்கினால் புதைந்துபோகும் உள்வாய் வயல்கள் இன்னும் இருக்கின்றன. டிராக்டர் திரும்ப இடமில்லாத சின்னத் தாக்குகள் இருக்கின்றன. வயலின் மூலைமுடுக்கை உழவும், பரம்படித்துச் சமன் செய்யவும், வண்டி கட்டி எருவும் வைக்கோலும் ஏற்றவும் ஒரு சோடி மாடு இருந்தால் வாடகை வண்டிக்குக் காத்திருக்க வேண்டாம்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பசு ஈன்ற கன்று கிடேரியாக இருந்தால் வீட்டில் தங்குகிறது. காளைக்கன்றாக இருந்தால் அதற்கு வேலை இல்லை என்று சந்தைக்குப் போகிறது. போன கன்று எங்கே போகும் என்பது உங்களுக்கே தெரியும். காளைக்கு வேலை இருந்தால்தான் நம்முடைய நாட்டு மாட்டு இனம் நிற்கும். வேலை தெரிந்த சோடிக்குக் கிடைக்கும் விலை வேறு, முரண்டு பிடிக்கும் காளைக்குக் கிடைக்கும் விலை வேறு.

நம்ம ஊர் மாட்டின் குணம்

நம் பகுதியின் இனம் உம்பளச்சேரி மாடு. நாகப்பட்டினம் மாவட்டம் தலைஞாயிறு பக்கத்தில் உள்ள உம்பளச்சேரி கிராமத்தின் பெயரே இதற்கு வந்தது. தெற்கத்தி மாடு என்றும், கொம்பைத் தீய்த்து விடுகிற வழக்கத்தால் மொட்டை மாடு என்றும் சொல்வார்கள். கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும். வளர வளரச் சாம்பல் நிறத்துக்கு மாறும். நெற்றியில் வெள்ளைப் பொட்டும், கால்களில் வெள்ளையும் இருக்கும். குட்டையான கால், கட்டான உடம்பு. சேற்றில் புதையாமல் நடப்பதற்கென்றே அமைந்த மாடு. திருத்துறைப்பூண்டியை அடுத்த கொருக்கையில் இந்த இனத்துக்கு அரசுக் கால்நடைப் பண்ணை இருக்கிறது.

இந்த மாடு சுறுசுறுப்பானது. சட்டென்று விழித்துக்கொள்ளும். அதனால்தான் இதை வசக்குவதில் கவனம் வேண்டும். சுறுசுறுப்பான மாடு நல்லதையும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும், பயத்தையும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஒரு தடவை மிரண்ட இடத்தை மாடு லேசில் மறக்காது. எந்த மதகடியில் அடி வாங்கியதோ, அந்த மதகைக் கண்டாலே அடுத்த வருஷமும் நின்றுவிடும்.

மாடு உலகத்தை எப்படிப் பார்க்கிறது?

மாட்டுக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன. ஆகவே தலையைத் திருப்பாமலே சுற்றிலும் பெரும்பகுதியைப் பார்த்துவிடும். ஆனால் நேர் பின்னால் இருப்பது தெரியாது. அங்கிருந்து திடீரென்று கை பட்டால் உதைக்கும். இது திமிர் அல்ல, பயம். பின்னால் போவதாக இருந்தால் முதலில் குரல் கொடுங்கள், பிறகு முதுகில் கை வைத்தபடியே போங்கள்.

தரையில் விழும் நிழல், தேங்கிய தண்ணீர், கிடக்கிற சாக்கு, இவை நமக்கு ஒன்றுமில்லை. மாட்டுக்கு அவை பள்ளமா, பாம்பா என்று தெரியாது. ஒரு நிமிஷம் நிற்க விடுங்கள். குனிந்து மோந்து பார்க்கட்டும். பார்த்துவிட்டால் தானே நடக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் அடித்தீர்களானால், "நான் பயந்தது சரிதான், இங்கே வலி இருக்கிறது" என்று மாடு முடிவு செய்துவிடும்.

இன்னொன்று தோள்கணக்கு. மாட்டின் தோளுக்குப் பின்பக்கமாக நாம் நின்றால் அது முன்னே நகரும். தோளுக்கு முன்னே வந்தால் நிற்கும், அல்லது பின்வாங்கும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பாதி இடத்தில் குச்சிக்கே வேலை இல்லை.

முதல் படி: கை

பழக்கம் நுகத்தடியில் தொடங்குவதில்லை, தொழுவத்தில் தொடங்குகிறது. கன்று பிறந்த வாரத்திலிருந்தே தினமும் ஐந்து நிமிஷம் தடவிக் கொடுங்கள். பசு தன் கன்றை நக்குகிற இடம் எது என்று பாருங்கள். கழுத்தும் தாடியும்தான். அந்த இடத்தைச் சொறிந்து கொடுத்தால் கன்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். பிறகு காது, வாய், கால் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பழக்குங்கள். பின்னால் லாடம் கட்டும்போதும், கோமாரிக்குத் தடுப்பூசி போடும்போதும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரையே எல்லோரும் கூப்பிடுங்கள். கூப்பிட்ட குரலுக்கு வரும் மாடு ஆபத்துக் காலத்தில் பிழைக்கும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கரை கடந்த கஜா புயலைப் போல ஒன்று வந்தால், இருட்டில் கட்டவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிப்போக எந்த மாடு வசப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் கன்றின் நெற்றியில் கை வைத்துத் தள்ளி முட்டு விளையாடுவார்கள். அது கூடாது. கன்றுக்கு அது விளையாட்டு, வளர்ந்த காளைக்கு அதுவே முட்டும் பழக்கம்.

காதை வெட்டுவதும், சூடு போடுவதும் அழகுக்கும் அடையாளத்துக்கும் என்று செய்யப்பட்டு வந்தன. அடையாளத்துக்கு இப்போது காது வில்லை இருக்கிறது. மனிதக் கை என்றாலே வலி என்று கன்றுக்கு நாமே சொல்லிக்கொடுக்க வேண்டாம். காயடிப்பதையும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, முறையாகச் செய்யுங்கள்.

இரண்டாம் படி: கயிறு

ஒரு வயது ஆகும்போது முகக்கயிறு போட்டு நடத்திப் பழக்க வேண்டும். இங்கேதான் முக்கியமான பாடம் இருக்கிறது. கயிற்றை லேசாக இழுங்கள். கன்று ஒரு அடி எடுத்து வைத்ததும் கயிற்றைத் தளர்த்துங்கள். இழுப்பது பாடம் அல்ல, தளர்த்துவதுதான் பாடம். "நான் சொன்னபடி கேட்டேன், இறுக்கம் போய்விட்டது" என்று கன்று புரிந்துகொள்கிறது. நடந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், நடந்தாலும் வலி, நின்றாலும் வலி என்று ஆகிவிடும். அப்புறம் அது ஏன் நடக்க வேண்டும்?

நடக்க ஒரு சொல், நிற்க ஒரு சொல், திரும்ப ஒரு சொல் வேண்டும். உங்கள் ஊரில் எது வழக்கமோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்பா ஒரு சொல், பிள்ளை ஒரு சொல் என்று மாற்றக் கூடாது. சொல்லை முதலில் சொல்லி, பிறகு கயிற்றை அசையுங்கள். சில நாளில் சொல்லே போதும் என்று ஆகிவிடும்.

கன்று நன்றாக நடந்து பழகிய பிறகே மூக்கு குத்த வேண்டும். மூக்குப் புண் முழுதும் ஆறும்வரை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுக்கவே கூடாது. அதுவரை முகக்கயிறே இருக்கட்டும். ஈ மொய்க்காமல் வேப்பெண்ணெய் தடவி வாருங்கள்.

அடுத்ததாக, இரண்டு பக்கமும் நீளக் கயிறு கட்டி, பின்னால் நடந்து ஓட்டிப் பழக்குங்கள். இதுவரை முன்னால் போன ஆள் இப்போது பின்னால் வருகிறான் என்பது கன்றுக்குப் புதிது. வாயால் பேசிக்கொண்டே நடந்தால் மிரளாது.

மூன்றாம் படி: நுகம்

இரண்டு பால்பல் விழுந்து நிலைப்பல் முளைத்த பிறகு, அதாவது ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வயதில், நுகம் வைத்துப் பழக்கலாம். முழு வேலைக்கு அவசரம் வேண்டாம். நாலு பல் ஆகட்டும்.

புது மாட்டுக்குச் சிறந்த வாத்தியார் ஒரு பழைய மாடுதான். நிதானமான கிழட்டு எருதோடு சோடி கட்டுங்கள். அது நின்றால் இது நிற்கும், அது நடந்தால் இது நடக்கும். வலத்தை, இடத்தை என்று எந்தப் பக்கம் கட்டினீர்களோ, பழகி முடியும்வரை அதே பக்கம் கட்டுங்கள்.

முதல் சில நாட்கள் வெறும் நுகத்தடி மட்டும். கால் மணி நேரம் போதும். பிறகு ஒரு சிறு கட்டையை இழுக்கச் செய்யுங்கள். தன் பின்னால் ஏதோ சரசரவென்று வருகிறதே என்ற பயம் அதில் தெளியும். அதன்பின் முன்பே உழுது பொலபொலப்பாகக் கிடக்கும் நிலத்தில் ஏர் பூட்டுங்கள். எடுத்த எடுப்பிலே சேற்றில் இறக்காதீர்கள். கால் உள்வாங்கும்போது இளங்காளைக்கு உயிர்ப்பயம் வந்துவிடும். சேற்றுக்கு இறக்கும்போதும் முதலில் ஏர் இல்லாமல் நடத்துங்கள், பிறகு பரம்பு, பிறகு ஏர். சித்திரையில் பொன்னேர் பூட்டுகிற நாளைக்குக் கன்றையும் கூட்டிப்போய்க் கட்டையோடு நடக்க விடலாம். சம்பா நடவுக்குள் அது சேறு மிதிக்கக் கற்றுக்கொள்ளும்.

தினமும் கொஞ்சம் கற்றுக்கொடுங்கள். மாடு நன்றாகச் செய்கிறபோதே அவிழ்த்துவிட்டுக் கொஞ்சம் புல் கொடுங்கள். "இன்னும் ஒரு சுற்று" என்கிற ஆசைதான் பல மாடுகளைக் கெடுக்கிறது.

படுத்துக்கொண்டால்?

சில மாடு ஏரில் படுத்துவிடும். உடனே வாலை முறுக்குகிறோம், கடிக்கிறோம், தார்க்குச்சியால் குத்துகிறோம். வால் எலும்பு முறிகிறதே தவிர மாடு திருந்துவதில்லை. மாடு படுப்பதற்குக் காரணம் இருக்கும். கழுத்தில் நுகம் உரசிப் புண்ணாகி இருக்கலாம். குளம்பில் முள் இருக்கலாம். பாரம் அதிகமாக இருக்கலாம். அல்லது பயந்திருக்கலாம். நாக்கு வெளியே தள்ளி, எச்சில் ஒழுகி, மூச்சு வாங்கினால் களைப்பு. காதைப் பின்னுக்கு மடித்து, கண் வெள்ளை தெரிய விழித்தால் பயம்.

என்ன செய்வது? பாரத்தை இறக்குங்கள். புண் இருந்தால் அன்றோடு வேலை முடிந்தது; கழுத்து ஆறிய பிறகுதான் நுகம். புண் இல்லையென்றால் அமைதியாகக் காத்திருந்து, தானே எழுந்ததும் பாரமில்லாமல் பத்து அடி நடத்தி, அப்புறம் அவிழ்த்துவிடுங்கள். படுத்திருக்கும்போதே அவிழ்த்தால், "படுத்தால் விடுதலை" என்று கற்றுக்கொள்ளும். நடந்த பிறகு அவிழ்த்தால், "நடந்தால் விடுதலை" என்று கற்றுக்கொள்ளும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1965ஆம் ஆண்டு விதிகளின்படி இழுவை மாட்டை ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வில்லாமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது. ஆணி வைத்த தார்க்குச்சி கூடவே கூடாது. சட்டம் இருக்கட்டும். கன்றை இழந்த பசுவின் முறையீட்டுக்குச் சோழ மன்னன் செவி சாய்த்த கதைக்குக் கல்தேர் நிற்கிற ஊர் நம் திருவாரூர். மாட்டின் வலியைப் பற்றி நமக்கு வேறு ஊரார் வந்து சொல்ல வேண்டியதில்லை.

குதிரை பழக்குகிறவர்களும் இதே வழியில்தான் போகிறார்கள். முதலில் தரையில் நின்று கயிற்றில் நடத்திப் பழக்கி, குதிரை ஆளை நம்பிய பிறகுதான் முதுகில் ஏறுவார்கள். கிரேக்க நாட்டில் செனபோன் என்ற படைத்தலைவர் ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன்பே குதிரை வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கோபத்தோடு குதிரையை அணுகவே கூடாது என்பது அதில் அவர் சொன்ன முக்கியமான புத்தி. கோபம் வந்த அன்றைக்கு ஏரை இறக்கி வையுங்கள். மாடு நாளைக்கும் இருக்கும்.

கடைசியாக வண்டி. வெறும் வண்டியில் கட்டி, முதலில் ஊருக்குள் தெருவில் நடத்துங்கள். பேருந்தும் ஹாரன் சத்தமும் தூரத்தில் இருந்தே காதுக்குப் பழகட்டும். பிறகுதான் தார்ச்சாலை, பிறகுதான் பாரம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஏர் பிடித்த பெரியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இன்னும் ஒருவர், இருவர் இருக்கிறார்கள். "தாத்தா, எங்க கன்னை வசக்கணும், கொஞ்சம் வந்து சொல்லிக்கொடுங்க" என்று போய்க் கேளுங்கள். கேட்க ஆள் வரவில்லையே என்றுதான் அவர்கள் சும்மா இருக்கிறார்கள். அந்தக் கைப்பழக்கம் அவர்களோடு போய்விட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

பழக்கிய மாட்டை விற்க நேர்ந்தால், வாங்குகிறவரிடம் கயிற்றை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். அதன் பெயர், அது கேட்கிற சொல், அது நிற்கிற பக்கம், அது பயப்படுகிற பொருள், எல்லாவற்றையும் சொல்லி, இரண்டு சுற்று ஓட்டிக் காட்டி அனுப்புங்கள். நீங்கள் உண்டாக்கிய நம்பிக்கை அந்த மாட்டோடு புது வீட்டுக்கும் போகட்டும்.

இந்த முறைகளைக் கடைப்பிடித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் உள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.