சுத்தியலும் இறகும் விழுவதற்கு முன்



பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்தீர்கள். நன்றி. 'அறிவியல் வகுப்பறையில் பல்லூடகம்' என்று தலைப்பும் கொடுத்தீர்கள். கரும்பலகையில் இயற்பியல் நடத்தத் தொடங்கி, ஸ்மார்ட் போர்டு காலத்தில் ஓய்வுபெற்றவன் நான். ஆகவே இரண்டையும் பாராட்டவும் இரண்டையும் குறை சொல்லவும் எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஒரு சின்னப் படத்துண்டைப் பற்றிச் சொல்கிறேன். ஆசிரியர்கள் பலர் வகுப்பில் காட்டியிருப்பீர்கள். 1971 ஆகஸ்ட் 2. நிலாவில் அப்பல்லோ 15. டேவிட் ஸ்காட் என்ற விண்வெளி வீரர் கேமராவுக்கு முன்னால் நிற்கிறார். வலது கையில் சுத்தியல், இடது கையில் ஒரு வல்லூறின் இறகு. இரண்டையும் ஒரே உயரத்தில் பிடித்து ஒரே நேரத்தில் விடுகிறார். சுத்தியல் ஒரு கிலோவுக்கு மேல் எடை. இறகு முப்பது கிராம். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொடுகின்றன. மொத்தமே ஒரு நிமிடம்கூட ஓடாத படம்.

இதை இரண்டு விதமாகக் காட்டலாம். முதல் விதம் நமக்கெல்லாம் தெரிந்தது. பென் டிரைவைச் செருகுகிறோம், ஜன்னலைச் சாத்துகிறோம், படம் ஓடுகிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், "பார்த்தீங்களா, கலிலியோ சொன்னது சரி" என்கிறோம், மணி அடிக்கிறது.

இரண்டாவது விதம். ஸ்காட் இரண்டு கைகளையும் உயர்த்தி நிற்கும் அந்த நொடியில் ஆசிரியர் படத்தை நிறுத்திவிடுகிறார். "எது முதல்ல விழும்? நோட்டுல எழுதுங்க. பேனாவால எழுதுங்க, பென்சில் வேண்டாம்." அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். "சுத்தியல்தான் சார், வெயிட்டா இருக்குல்ல" என்று ஒரு கட்சி. "ரெண்டும் விழாது சார், நிலாவுல ஈர்ப்பே கிடையாது, மிதக்கும்" என்று இன்னொரு கட்சி. "அப்போ அவரு மட்டும் எப்படிடா நிக்கிறாரு?" என்று ஒரு பெண் கேட்பாள். "கனமான பூட்ஸ் போட்டிருக்காருல்ல" என்று உடனே பதில் வரும். இந்தப் பதிலைக் கேட்டுச் சிரித்துவிடக் கூடாது, நண்பர்களே. பட்டம் வாங்கியவர்களே இப்படிச் சொல்வதுண்டு. நிலாவில் ஈர்ப்பு இல்லை என்ற நினைப்பு அந்தப் பையன் மனதில் எத்தனை நாளாக உட்கார்ந்திருந்ததோ, படத்தை நிறுத்தாமல் இருந்திருந்தால் அது வெளியே வந்திருக்காது. கைதட்டிவிட்டு அதோடேயே வீட்டுக்குப் போயிருப்பான்.

பிறகு படத்தை ஓட விடுங்கள். அதன் பிறகு திரையை அணைத்துவிட்டு, பாடப்புத்தகம் ஒன்றை எடுத்து, அதன் மேல் புத்தகத்தைவிடச் சிறிய ஒரு காகிதத் துண்டை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கீழே விடச் சொல்லுங்கள். காகிதம் பின்தங்காது, புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டே விழும். தனியாக விட்டால் ஆடி ஆடி விழும். காற்று என்ன வேலை செய்கிறது என்று நிலாவுக்குப் போகாமலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இது என்னுடைய சொந்தச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மாசூர் என்ற இயற்பியல் பேராசிரியரின் குழு இதைச் சோதித்து 2004இல் கட்டுரை எழுதியது. செய்முறை விளக்கத்தை வேடிக்கை மட்டும் பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்கவே பார்க்காத மாணவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பார்த்தவர்கள் தெளிவாக மேலே நின்றார்கள். பெரிய அரங்கம், நல்ல கருவிகள், கெட்டிக்கார மாணவர்கள். அங்கேயே நிலைமை இது.

இன்னொன்று இதைவிடச் சங்கடமானது. வெரிட்டாசியம் என்ற யூடியூப் சேனலை நடத்தும் டெரிக் முல்லரை இங்கே இருக்கும் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளே இயற்பியல் காணொளிகள்தான். சுத்தமாக, தெளிவாக விளக்கும் ஒரு காணொளி. தவறான கருத்துகளை முதலில் பேச விட்டு, விவாதித்து, பிறகு சரியானதற்கு வரும் இன்னொரு காணொளி. முதலாவதைப் பார்த்தவர்கள் "நல்லா புரிஞ்சுது" என்றார்கள். தேர்வு வைத்தால் மதிப்பெண் ஏறவில்லை. இரண்டாவதைப் பார்த்தவர்கள் "குழப்பமா இருந்துச்சு" என்றார்கள். அவர்கள்தான் கற்றிருந்தார்கள். நமக்குப் பிடித்த காணொளி எது? நாற்பத்தைந்து நிமிடத்தில் சிலபஸை முடித்துத் தரும் முதல் வகைதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு. 1913இல் தாமஸ் எடிசன், இன்னும் பத்தே ஆண்டுகளில் சலனப்படம் பள்ளிக்கூடத்தை அடியோடு மாற்றிவிடும், புத்தகமே தேவைப்படாது என்றார். நூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன. நாம் நூலகத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் நம் நாட்டில் ஒருமுறை இந்தக் கனவை உண்மையிலேயே புத்திசாலித்தனமாகக் கண்டார்கள். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவிடமிருந்து ஒரு செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்கு இஸ்ரோ நேரடியாகத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. விக்ரம் சாராபாயின் கனவு அது, பார்க்க அவர் உயிரோடு இல்லை. காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கு நிகழ்ச்சி, மாலையில் பெரியவர்களுக்கு. எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. அதே செயற்கைக்கோளைக் கொண்டு பல்லாயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சி கொடுத்தார்கள். பெட்டியை அனுப்பினால் போதாது, பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவரையும் கவனிக்க வேண்டும் என்று அன்றைக்கே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

அதன் பிறகு 2004இல் கல்விக்கென்றே எடுசாட் என்ற செயற்கைக்கோள். நம் மாநிலத்தில் 2018இல் புதிய பாடநூல்கள், பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் கோடு. 2019இல் கல்வித் தொலைக்காட்சி. இன்று ஹைடெக் லேப், திறன்மிகு வகுப்பறை. எல்லாம் நல்லவைதான். ஆனால் ஸ்மார்ட் போர்டுக்குத் துணி உறை தைத்துப் போட்டு, அதிகாரி வரும் நாளில் மட்டும் உறையைக் கழற்றிய பள்ளியையும் பார்த்திருக்கிறேன். உறை மட்டும் ரொம்ப அழகாகத் தைத்திருந்தார்கள்.

சரி, படம் எப்போது பொய் சொல்கிறது என்று பார்ப்போம். 1987இல் ஹார்வர்டில் பட்டமளிப்பு விழா நாள். அங்கியோடு நிற்கும் பட்டதாரிகள், பழைய மாணவர்கள், ஆசிரியர்கள் என்று 23 பேரிடம் கேமராவை நீட்டி, கோடை ஏன் சூடாக இருக்கிறது போன்ற எளிய கேள்விகளைக் கேட்டார்கள். 21 பேர் தடுமாறினார்கள். பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் கோடை வருகிறது என்பது அவர்களுக்குப் பிடித்த பதில். எங்கிருந்து வந்தது இது? ஒரு காரணம், நம் புத்தகங்களில் இருக்கும் அதே படம். பூமியின் பாதையைச் சாய்வாகப் பார்த்து, நீண்ட முட்டை வடிவத்தில் வரைந்திருப்பார்கள். அந்தப் பாதை கிட்டத்தட்ட வட்டம். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், 14.7 கோடி கிலோமீட்டரில். அதாவது நாம் மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டு கோலம் போடும்போது. மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், 15.2 கோடி கிலோமீட்டரில். மார்கழியை வைத்தே அந்தப் படத்தைக் கேள்வி கேட்டிருக்கலாம். அனிமேஷன் வந்த பிறகு நிலைமை மோசம், அதே முட்டை இப்போது பளபளவென்று சுற்றுகிறது, பின்னணி இசையோடு.

நிலாவும் அப்படித்தான். திரையில் பூமிக்குப் பக்கத்திலேயே நிலா சுற்றும். ஒரு கால்பந்தைப் பூமி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலா ஒரு டென்னிஸ் பந்து அளவு. அதை எங்கே வைக்க வேண்டும்? மாணவர்கள் பெரும்பாலும் ஒரு முழத் தூரத்தில் வைப்பார்கள். சரியான இடம் ஆறரை மீட்டர் தள்ளி. இருபதடி வகுப்பறையில் கால்பந்தை இந்தச் சுவரோரம் வைத்தால் நிலா அந்தச் சுவரைத் தாண்டி வெளியே போய்விடும். எவ்வளவு பெரிய ஸ்மார்ட் போர்டு வாங்கினாலும் இதைக் காட்ட முடியாது. பள்ளித் தாழ்வாரம் காட்டும், செலவில்லாமல்.

கையால் செய்வதுதான் எப்போதும் உசத்தி என்று நான் சொல்ல வருவதாகத் தோன்றலாம். அதுவும் இல்லை. மின்சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பல்பு, பேட்டரி, ஒயர் கொடுத்தால் பிள்ளைகள் இணைப்பார்கள். பல்பு எரியும், அல்லது எரியாது. எரியாவிட்டால் பேட்டரி தீர்ந்ததா, ஒயர் அறுந்ததா, இணைப்பு தப்பா, தெரியாது. ஒயருக்குள் நடப்பதை எந்தக் கண்ணும் பார்த்ததில்லை. 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபெட் என்ற ஒரு வேலையைத் தொடங்கினார். கணினியிலோ போனிலோ மாணவரே தொட்டு இழுத்து மாற்றிப் பார்க்கும் பாவனைச் சோதனைகள். இலவசம். இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். தமிழிலும் பல கிடைக்கின்றன. அதில் எலக்ட்ரான்கள் ஒயருக்குள் ஊர்ந்து போவதைப் பார்க்கலாம், இன்னொரு பல்பைத் தொடராகச் சேர்த்தால் அவற்றின் வேகம் குறைவதையும் பார்க்கலாம். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு பிரிவுக்கு உண்மையான கருவிகளும், இன்னொரு பிரிவுக்கு இந்தப் பாவனைச் சோதனையும் கொடுத்தார்கள். பிறகு இரண்டு பிரிவையும் நிஜ ஒயரால் ஒரு சுற்றை அமைக்கச் சொன்னார்கள். திரையில் பழகியவர்கள் நன்றாகச் செய்தார்கள், நன்றாக விளக்கினார்கள். அதற்காக ஆய்வகத்தைப் பூட்டிவிடாதீர்கள். ஷாக் அடித்தால் எப்படி இருக்கும் என்று திரை சொல்லித் தராது.

எனக்கு அதிக நம்பிக்கை தரும் கருவி சுவரில் மாட்டியிருப்பது இல்லை. உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. இன்றைய செல்போன்கள் பலவற்றில் ஸ்லோ மோஷன் உண்டு, நொடிக்கு 240 படம் எடுப்பவையும் உண்டு. ஒரு பந்தை 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் அரை நொடியில் தரைக்கு வந்துவிடும். கண்ணால் ஒன்றும் பிடிக்க முடியாது. பின்னால் ஓர் அளவுகோலை நிறுத்தி, போனில் பதிவு செய்து, ஒவ்வொரு படமாக நகர்த்தச் சொல்லுங்கள். ஏறத்தாழ 119 படங்கள் வரும். அதற்கு முன் அதே பழைய வேலை. "அறுபதாவது படத்துல பந்து எங்க இருக்கும்? எழுதுங்க." பாதி நேரம், ஆகவே பாதித் தூரம், 60 சென்டிமீட்டர் என்று வகுப்பில் பெரும்பகுதி எழுதும். போய்ப் பார்த்தால் பந்து 30 சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும். கால் பங்கு! நேரத்தின் இருமடி என்று பலகையில் எழுதிப்போட்டபோது யாரையும் உலுக்காத சூத்திரம், இப்போது "சார், திரும்ப எடுக்கலாம் சார், தப்பா விட்டுட்டேன்" என்று ஒருவனைக் கெஞ்ச வைக்கும். எடுக்கட்டும். மறுபடி 30தான் வரும். ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழகத்தார் ஃபைஃபாக்ஸ் என்று ஒரு செயலி கொடுத்திருக்கிறார்கள். போனுக்குள் இருக்கும் முடுக்கமானி, காந்தமானி, மைக் எல்லாவற்றையும் ஆய்வகக் கருவியாக்கிவிடும். காசு கிடையாது.

வானம் தானே வந்து பாடம் நடத்தும் நாட்களும் உண்டு. 2019 டிசம்பர் 26, வளையச் சூரிய கிரகணம். கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சி வழியாகப் போனது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து அதைத் தேடி ஆட்கள் வந்தார்கள். நம் வீடுகளிலோ கதவைச் சாத்திவிட்டு, டிவியில் நேரலை பார்த்தோம். வாசலில் தேர் நிற்க, உள்ளே உட்கார்ந்து பெட்டியில் தேரோட்டம் பார்த்த கதை. கண் பாதுகாப்பு முக்கியம்தான், அதற்கென்று கண்ணாடி இருக்கிறது, அட்டையில் ஊசித் துளை போட்டுத் தரையில் விழும் பிம்பத்தைப் பார்க்கும் வழி இருக்கிறது. அன்றைக்கு மரத்தடியில் இலை இடுக்குகளின் வழியாக நூற்றுக்கணக்கான வளையங்கள் தரையில் விழுந்து கிடந்தன. எந்தச் சேனலும் அதை உங்கள் தெருவிலிருந்து காட்டவில்லை.

நேரம் ஆகிறது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். முன்னாள் மாணவர் சங்கத்தார் இங்கே இருக்கிறீர்கள். பள்ளிக்கு இன்னொரு பெரிய டிவி வாங்கித் தருவதாகக் கேள்விப்பட்டேன். வாங்கும் முன் அறிவியல் ஆசிரியரை ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்கு ஜன்னலுக்குக் கறுப்புத் திரைச்சீலையும், ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கரும், கரண்ட் போனால் தாங்கும் ஒரு யுபிஎஸ்ஸும் போதுமானதாக இருக்கலாம். தலைமையாசிரியர் அம்மா அவர்களே, நாளை காட்டப்போகும் படத்தை இன்று பார்த்து, எந்த நொடியில் நிறுத்துவது என்று யோசிக்க, அவருக்கு வாரத்தில் ஒரு பீரியடாவது ஒதுக்கிக் கொடுங்கள். ஆங்கில விளக்கம் ஓடும் படமென்றால் ஒலியை அணைத்துவிட்டு, அவரே தமிழில் பேசிக்கொள்வார். அதற்கும் முன்கூட்டியே ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டு அலமாரியில் பழைய ஸ்மார்ட்போன் கிடக்கும். திரையில் கீறல் இருந்தால் பரவாயில்லை, கேமரா வேலை செய்தால் போதும். சிம்மை எடுத்துவிட்டு, உங்கள் படங்களையெல்லாம் அழித்துவிட்டுக் கொடுங்கள். நாளை முதல் நூலகர் அம்மாவின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். தயவுசெய்து சார்ஜரோடு போடுங்கள். சார்ஜர் இல்லாத போன்கள் ஏற்கெனவே பள்ளியில் நிறைய இருக்கின்றன.