கிளார்க் என்னும் சொல்
(சங்க ஆண்டு விழாவில் வாசித்த உரை)



சென்ற மாதம் நம் காலனிச் சிறுவன் ஒருவனின் பள்ளி விண்ணப்பத்தை, அவன் தந்தை டூட்டியில் இருந்தமையால், நாம் நிரப்ப நேர்ந்தது. தந்தையின் உத்தியோகம் என்னுமிடத்தில் ‘கிளார்க்’ என்று எழுதப் போகையில் பையன் நம் கையைப் பிடித்துக்கொண்டான். “ஆபீசர் என்று போடுங்கள், மாமா” என்றான். நாமும் அதே உத்தியோகம் பார்ப்பவராதலின் சற்றே சுருக்கென்றது. அச்சொல்லின் குலம் யாதென்று விசாரிக்கலானோம்.

பங்கு, திருவுளச்சீட்டு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து லத்தீனில் ‘கிளெரிக்குஸ்’, அதாவது பாதிரியார், என்னும் பெயர் பிறந்தது. முற்கால ஐரோப்பாவில் எழுத்தறிவு பெரும்பாலும் பாதிரிமாரிடமே இருந்தமையால் படித்தவரெல்லாம் கிளார்க் எனப்பட்டனர். 14ஆம் நூற்றாண்டுக் கவி சாஸர் பாடிய ஆக்ஸ்ஃபோர்டு கிளார்க், ரசீது எழுதுபவரல்லர். கிடைத்த பணத்தையெல்லாம் நூல்களில் செலவிட்ட ஏழை மாணவர். (இன்றும் ஏழ்மை மட்டும் மாறவில்லை என்பீர்கள்!)

இப்பெயர் உயிரையும் காத்ததுண்டு. வேதவாக்கியம் ஒன்றை வாசித்துக் காட்டினால், பாதிரியார்க்குரிய சலுகையைக் குற்றவாளிக்கும் அளித்தது ஆங்கிலச் சட்டம். 1598இல் நடிகர் ஒருவரைச் சண்டையில் கொன்ற நாடகாசிரியர் பென் ஜான்சன் இவ்வாறே தூக்கிலிருந்து தப்பினார். கட்டைவிரலில் சூடு மட்டும் விழுந்தது. 1827இல் அச்சலுகை ஒழிந்தது.

அமெரிக்கர் இதனைக் ‘க்ளர்க்’ என்று ஒலிப்பர். அங்கே கடையில் சாமான் எடுத்துக் கொடுப்பவரும் கிளார்க்; சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிக்குத் துணை நிற்கும் சட்டம் படித்தவரும் கிளார்க். பிரிட்டிஷ் காமன்ஸ் சபையின் தலைமை அலுவலருக்கும் இதுவே பட்டம்.

நம்மவர் வழங்கும் ‘குமாஸ்தா’வோ பாரசீகம், காரியத்துக்கென நியமிக்கப்பட்டவன் என்பது அதன் பொருள். கம்பெனியார் காலத்தில் நெசவாளரை அதட்டி வேலை வாங்கிய ஏஜெண்டுகளுக்கு அப்பெயர் இருந்ததால் அதற்குச் சிறிது கசப்பும் ஒட்டிக்கொண்டது. வங்கத்தில் மரியாதைக்குரிய ‘பாபு’வை வெள்ளையர் ஏளனமாக்கினர், ஆயினும் டிக்கெட் ஜன்னலில் பிரயாணி ‘பாபுஜி’ என்று அழைக்கையில் நமக்கு ஏளனம் கேட்பதில்லை. சோழர் காலத்தில் அரசன் வாய்மொழி ஆணையை எழுதியவர்க்குத் ‘திருமந்திர ஓலை’ என்று பெயர். அந்தப் பெயரில் எத்துணை கம்பீரம்!

இவையெல்லாம் பையனுக்கு எட்டவில்லை. ஆகையால் இன்னொன்று சொன்னோம். கணித மேதை ராமானுஜன் 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக அமர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது, கணக்குப் பிரிவுக் கிளார்க் என்றே தம்மை அறிமுகம் செய்துகொண்டார்; சம்பளத்தையும் மறைக்கவில்லை.

பையன் கையை எடுத்தான். நாம் ‘கிளார்க்’ என்று எழுதி மையை ஒற்றினோம். வாசல்வரை சென்றவன் திரும்பி வந்து, “ராமானுஜனுக்கு அப்புறம் புரமோஷன் கொடுத்தார்களா, மாமா?” என்று கேட்டான்.