கண்ணெதிரே இருக்க வேண்டியது



இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு விமானத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். காரணம் உண்டு. நாம் பிழைக்க வந்த இக்கேரள நாட்டிலே, இடுக்கி மாவட்டத்துத் தொடுபுழைப் பக்கம் சஜி தாமஸ் என்பவர் இருக்கின்றார். பிறவியிலேயே செவியும் பேச்சும் இல்லாதவர். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறு வயதிலே கண்டு ஆசை கொண்டார். மின்சாதனங்களைப் பழுது பார்த்துப் பிழைத்துக்கொண்டே, இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றைத் தம் கையாலேயே கட்டினார். 2014 ஆம் ஆண்டில் அது திருநெல்வேலிச் சீமையின் மணிமுத்தாற்றில் வானேறியது.

இறகும் எஞ்சினும் அமைந்தால் விமானம் முடிந்தது என்று எண்ணுகிறோம். அன்று; விமானியின் எதிரே கருவிப் பலகை ஒன்று உண்டு. எந்தக் கருவியை எங்கே பதிப்பது என்பதிலே உயிர் இருக்கின்றது. வேகம் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் இறகு தாங்காது. தரையை அண்டி இறங்கும் நேரத்தில் அப்படி நேர்ந்தால் மீள இடமில்லை. ஆகவே வேகமானி இடப்புறமும் உயரமானி வலப்புறமுமாக, பார்வைக்கு நேரே மேல் வரிசையில் வைப்பது வழக்கம். எஞ்சினின் சுழற்சி, வெப்பம், எண்ணெய் அழுத்தம் காட்டுபவை தனிக் கூட்டமாக ஒருபுறம் நிற்கும். எல்லாம் நலமாயிருக்கையில் அவற்றின் முட்கள் யாவும் ஒரே திசையை நோக்குமாறு முகங்களைத் திருப்பிப் பதிப்பாரும் உண்டு. ஒரு முள் சாய்ந்தால் உடனே தெரியும். எஞ்சின் ஓசை மாறுவதைச் செவியால் அறிய இயலாதவனுக்கு அந்த முள்ளே செவி. திசைகாட்டியோ இரும்புக்கும் மின்கம்பிக்கும் விலகி நிற்க வேண்டும். இல்லையேல் பொய் சொல்லும்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. அட்டையை வட்டம் வட்டமாக வெட்டிப் பலகையிலே குத்தி, இருக்கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு அமர்ந்து, கண்ணை மூடிக் கையை நீட்டிப் பார்த்தால் போதும். எண்ணெயை அடைக்கும் திருகும் எஞ்சினை நிறுத்தும் விசையும் தடவிய மாத்திரத்தில் அகப்பட வேண்டும்.

நம் துறையிலும் இதே அறிவுதான். பழைய கேபின்களில் கைகாட்டிக்குரிய நெம்புகோல் சிவப்பு, தண்டவாளம் மாற்றுவது கறுப்பு, பூட்டு நீலம். அவசரத்திலும் கை தவறாதிருக்கவே அந்த நிறங்கள். இதை அறிந்திருந்தும் நாம் ஒருமுறை தவறினோம். மேசையில் இரண்டு முத்திரைகளை அருகருகே வைத்திருந்தோம். ஏழைத் தொழிலாளி ஒருவரின் விடுப்பு மனுவிலே மாற்று முத்திரை விழுந்துவிட்டது. அம்மாதம் அவருக்குச் சம்பளம் வரவில்லை. அவர் மனைவி கைக்குழந்தையோடு நம் வீட்டு வாயிலில் வந்து நின்றதை இன்றும் மறக்க இயலவில்லை. மறுநாளே ஒரு முத்திரையை மேசையின் மறுகோடிக்கு மாற்றினோம், முன்னமே செய்திருக்கலாம்!

இறுதியாக, பெற்றோர்க்கு ஒரு சொல். நம் குடியிருப்பிலும் படிப்பு ஏறவில்லை என்று மூலையில் உட்கார்த்தி வைத்த பிள்ளைகள் உண்டு. கருவிகளுள் எது முக்கியமோ அதைக் கண்ணெதிரே வைக்கிறான் விமானி. நாமும் அப்பிள்ளையைக் கண்ணெதிரே வைப்போம். அவன் கையில் ஒரு திருப்புளியையும் கொடுத்துப் பார்ப்போம்.