கருவுற்ற தாய்மாருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை: எதில் சிக்கனம் கூடாது?

(திருப்பதியில் மாணவர்களும் மாவட்ட அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்றவனுக்கு மகப்பேற்று மருத்துவத்தில் என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அரசு செலவிடும் ரூபாய் எங்கே சென்று சேருகிறது எனப் பார்ப்பது என் தொழில். அவ்வகையில் பார்த்தால், கருவுற்ற தாய்மாருக்குச் செய்யப்படும் எச்.ஐ.வி. பரிசோதனையைப் போலச் சிறு செலவில் பெரும்பயன் தரும் பணிகள் மிகச் சிலவே. ஆனால் அச்செலவில் எப்பகுதியைக் குறைக்கலாகாது என்பதில் நாம் தவறிவிடுகிறோம்.

இந்தியாவில் இக்கிருமி 1986ஆம் ஆண்டு சென்னையில் திரட்டப்பட்ட குருதி மாதிரிகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் டாக்டர் நிர்மலா திரட்டிய அம்மாதிரிகள், சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. பின்னாளில், பேறுகாலக் கவனிப்புக்கு வந்த பெண்களுள் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் கிருமி காணப்பட்ட மாநிலங்கள் மிகைப்பரவல் மாநிலங்கள் என வகுக்கப்பட்டபோது, ஆந்திரமும் தமிழகமும் அவற்றுள் இடம்பெற்றன.

சிகிச்சை ஏதும் இல்லையெனில், கிருமியுள்ள தாய்மார் பெறும் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 வரை தொற்றுக்கு ஆளாகக்கூடும். உரிய காலத்தில் மருந்து தொடங்கினால் இதனை ஐந்துக்கும் கீழே கொணரலாம். 2000ஆம் ஆண்டில் 11 மருத்துவமனைகளில் முன்னோடி ஆய்வு தொடங்கிற்று. அடுத்து வந்த நெவிரபின் முறை மிக எளிது: பிரசவ வலி கண்டதும் தாய்க்கு ஒரு மாத்திரை; பிறந்த மூன்று நாட்களுக்குள் குழந்தைக்குச் சில துளிகள். எங்களைப் போன்ற கணக்கர்களுக்கு இதைவிட மலிவான திட்டம் இருக்க இயலாது என்றே தோன்றியது. ஆனால் அந்த ஒற்றை மாத்திரைக்குப் பின் பல தாய்மாரின் உடலிலிருந்த கிருமி அம்மருந்துக்கு வசப்படாததாக மாறிற்று. பின்னர் அவர்களுக்கே சிகிச்சை தேவைப்பட்டபோது அது இடராயிற்று. குழந்தையைக் கணக்கில் சேர்த்து, தாயைக் கணக்கில் சேர்க்காத சிக்கனம் அது. 2012 செப்டம்பரில் ஆந்திரம், கர்நாடகம், தமிழகம் ஆகிய மூன்று மாநிலங்களில் பல்மருந்து முறை தொடங்கப்பட்டது. 2014 சனவரி முதல், கிருமியுள்ள கருவுற்ற பெண் ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் முழுதும் மருந்து என்பது நாடளாவிய கொள்கையாயிற்று.

இனி, பரிசோதனைக்கு வருவோம். மாணவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பதினாயிரம் பெண்களில் இருபது பேருக்குத் தொற்று இருப்பதாகவும், தொற்றில்லாதவருள் ஆயிரத்துக்கு ஐவருக்குச் சோதனை பிழையாகத் தொற்றுக் காட்டுவதாகவும் கொள்வோம். முதற் சோதனையில் ஏறக்குறைய எழுபது பேருக்குக் குறி தோன்றும். அவர்களுள் ஐம்பது பேர் நலமானவர்கள்! ஆகவேதான் மூன்று வெவ்வேறு சோதனைகளிலும் உறுதிப்பட்ட பின்னரே தொற்று உண்டென்று சொல்ல வேண்டுமென விதித்துள்ளனர். முதற் குறியைக் கண்டதும் வராந்தாவில் நின்று வாய்தவறிச் சொல்லப்படும் ஒரு சொல், நலமான ஒரு பெண்ணின் குடும்பத்தையே குலைத்துவிடும்.

இங்குதான் ஆலோசகரின் பணி. திருப்பதி அரசு மகப்பேறு மருத்துவமனை போன்ற இடங்களில் காலைநேர வரிசையைக் கண்டவர்கள், ஒவ்வொரு பெண்ணுடனும் தனியே அமர்ந்து பேசுவது எத்துணைக் கடினம் என்பதை அறிவர். நேரமில்லை என்று கூட்டமாக அமர்த்திச் சில சொற்கள் கூறிக் கையொப்பம் வாங்குவது எளிது. அது இசைவு ஆகாது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த, 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், அறிந்து தரும் இசைவையும் இரகசியத்தையும் கட்டாயமாக்கியுள்ளது. கணவருக்குத் தெரிவிப்பதால் பெண்ணுக்கு வன்முறையோ கைவிடப்படும் நிலையோ நேரும் என்று அஞ்ச இடமிருப்பின், மருத்துவப் பணியாளர் அவருக்குத் தெரிவித்தலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. பல ஆண்டுகளுக்கு முன், ஆய்வுப் பயணத்தில் ஒரு மருத்துவமனையில் இத்தகைய தாய்மாரின் குறிப்பேடுகளில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கக் கண்டேன். அதன் பொருள் வார்டிலிருந்த அனைவருக்கும், நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களுக்கும்கூடத் தெரிந்திருந்தது. பணியாளர் நலத்துக்காக என்றார்கள். எல்லாருடைய குருதியையும் ஒரே எச்சரிக்கையுடன் கையாண்டால் வட்டம் எதற்கு?

இவ்வட்டாரத்துக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக் கோடு மாறினாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் மாறவில்லை. நகரியில் வாழும் பெண் தலைப்பிரசவத்துக்குத் திருத்தணித் தாய்வீட்டுக்குச் செல்வாள். குடியாத்தத்து மருமகள் சித்தூருக்கு வருவாள். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ, மருந்தும் கண்காணிப்பும் இன்றியமையாத வேளையில், அவள் ஒரு மாநிலத்தின் பதிவேட்டை விட்டு மற்றொன்றினுள் நுழைகிறாள். அட்டை மொழி மாறும், ஆலோசகர் மாறுவார். தாய்வீட்டாரிடம் அவள் உண்மையைச் சொல்லாதிருந்தால், மாத்திரைப் புட்டியைப் பெட்டியின் அடியில் மறைக்க வேண்டியிருக்கும். கணினிப் பதிவு இதில் உதவும்; ஆயினும் எங்கே பிரசவம் என்று ஐந்தாம் மாதத்திலேயே கேட்டு, அங்குள்ள ஆலோசகருடன் அப்பெண்ணின் இசைவோடு தொலைபேசியில் பேசிவைப்பவர் மனிதர்தாம்.

இலங்கை 2019இல் தாய்வழித் தொற்றை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அச்சான்றுக்குப் பரிசோதனை எண்ணிக்கை மட்டும் போதாது. குழந்தைகளின் முடிவுகளும் வேண்டும். தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் குருதியில் பல மாதங்கள் தங்குவதால், ஆறாம் வாரத்தில் கிருமியையே நேரடியாகத் தேடும் சோதனையும், பதினெட்டாம் மாதத்தில் இறுதிச் சோதனையும் செய்யப்படுகின்றன. பதினெட்டாம் மாதத்தில் அக்குழந்தை எந்த ஊரில், எந்தப் பாட்டியின் மடியில் இருக்கும் என்பதை, மாவட்ட அலுவலர்களே, உங்கள் மாதாந்திர அறிக்கையில் எந்தக் கட்டத்திலும் நிரப்பக் கேட்கிறார்களா?